பரண் மேல் ஒரு பத்து வருஷம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாவு அரைத்து எடுத்து வைத்து, கிரைண்டரையும் கழுவிவிட்டு, "அப்பாடா" என்று அப்போதுதான் உட்கார்ந்தேன். கல்லூரியில் படிக்கும் என் பெண் வந்து நின்றாள்.

"அம்மா, நான் கைக்குழந்தையா இருந்தப்போ அப்பா ஒரு கேமரா வாங்கினாரே, வெள்ளிக் கலர்ல, சோப்பு டப்பா மாதிரி... அது எங்கே?"

"பரண்ல எங்கேயாவது கிடக்கும். அது எதுக்குடி இப்போ? உன் போன்லயே மூணு கண்ணு வச்ச கேமரா இருக்கே!"

"அது வேறம்மா. இப்போ எல்லாரும் அந்தக் காலத்து டிஜிட்டல் கேமராவைத்தான் தேடறாங்க. என் ஃப்ரெண்ட் ஒருத்தி பழசையே நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கா."

நாலாயிரமா! பழைய பேப்பர்காரரிடம் போட்டால் நாற்பது ரூபாய் தேறாது என்று நான் ஒதுக்கி வைத்த சாமான் அது. அதோடு "அந்தக் காலத்து" என்று அவள் சொன்ன தோரணை இருக்கிறதே! ஏதோ என் பாட்டி காலத்துக் கல்சட்டியைக் கேட்பது போலக் கேட்டாள். வாங்கியது 2005-ல். அவள் பிறந்த வருஷம்!

விசாரித்துப் பார்த்தால், இது என் பெண்ணுக்கு மட்டும் வந்த பைத்தியம் இல்லை. உலகம் முழுக்க இளசுகளுக்கு 2000-ஐ ஒட்டிய வருஷங்களின் மேல் ஒரு மோகம் வந்திருக்கிறது. அதற்கு "ஒய் டூ கே" என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1999 முடிந்து 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி புரியாமல் குழம்பிவிடும் என்று ஊரே பயந்ததே, அந்தப் பெயர்தான். அன்றைக்கு பயத்தின் பெயர், இன்றைக்கு நாகரிகத்தின் பெயர்!

கொரியாவின் நியூஜீன்ஸ் பாட்டுக்காரப் பெண்கள் 2022-ல் வெளியிட்ட 'டிட்டோ' என்ற பாட்டின் படத்தில், ஒரு பள்ளிக்கூடப் பெண் பழைய வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு தோழிகளைப் படம் பிடித்தபடியே திரிகிறாள். 2024-ல் வந்த 'டீடி' என்ற அமெரிக்கப் படம், 2008-ம் வருஷக் கோடை விடுமுறையில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் தோழர்களோடு அரட்டை அடித்த கதையைச் சொல்கிறது. நோக்கியா 3310 போன் 2000-ல் வந்தது. அதே பெயரில் 2017-ல் புதிதாக ஒன்றைச் செய்து விற்றார்கள். மடக்கு போன்களும் திரும்பி வந்தாயிற்று. நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் பள்ளி மாணவர்கள் சிலர் சங்கமே வைத்து, ஸ்மார்ட் போனை ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் கூடிப் புத்தகம் படிப்பதும் படம் வரைவதுமாக இருக்கிறார்கள் என்று 2022-ல் பத்திரிகைகளில் வந்தது.

இருபது வருஷம் ஆனால் எதுவுமே அழகாகிவிடும் போலிருக்கிறது. நம் ஊரிலேயே 2004-ல் வந்த 'கில்லி' படத்தை 2024-ல் மறுபடி திரையிட்டபோது, தியேட்டரில் ஆட்டம் போட்டவர்களில் பாதிப் பேர் முதல் தடவை அந்தப் படம் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள்!

சரி, பரணுக்கு வருவோம்.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

முக்காலியை இவர் பிடித்துக்கொள்ள, என் பெண் ஏறி ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினாள். பிரித்தால், கேமரா, என்னவருடைய பழைய நோக்கியா 1100 போன், எதற்கென்று தெரியாத நாலைந்து ஒயர்கள், அப்புறம் ரப்பர் பேண்ட் போட்ட பதினோரு சி.டி.க்கள். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த 1100 போனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2003-ல் வந்த மாடல். தலையில் ஒரு குட்டி டார்ச். கரண்ட் போனால் அதுதான் எங்கள் வீட்டு விளக்கு. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றதாம். அதில் எத்தனை சாமர்த்தியம் செய்தோம் நாம்! ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் "பஸ் ஏறியாச்சு". இரண்டு கொடுத்தால் "நீங்க கூப்பிடுங்க". காசு செலவில்லாமல் குடும்பம் நடத்தினோமே!

எஸ்.எம்.எஸ். கூட அளந்துதான் அனுப்புவோம். இங்கிலீஷில் என்றால் ஒன்றுக்கு 160 எழுத்து. தமிழில் என்றால் 70 தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. தவிர, பல போன்களில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால்தான் நாம் எல்லோரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கப் பழகினோம். இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை, பாருங்கள்.

அப்படிப்பட்ட போன்களில் கோடிக்கணக்கானவை, எங்கள் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில்தான் உருவாயின. 2006-ல் தொடங்கிய அந்த நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் மூடப்படும் வரை, சுற்று வட்டார கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தார்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் துப்பட்டாவும் டிபன் பாக்ஸுமாக நின்ற பெண்கள் இன்னும் என் கண்ணில் நிற்கிறார்கள். எங்கள் மாடியில் குடியிருந்த பெண்ணும் அவர்களில் ஒருத்தி. இப்போது அவளுக்கு இரண்டு குழந்தைகள். பெட்டியைப் பார்த்த ஜோரில் அவளுக்கு போன் செய்தேன். "அக்கா, அந்தக் காலத்துப் படம் ஏதாவது உங்ககிட்ட இருக்குமா? நான் எடுத்ததெல்லாம் போன்லயே இருந்துச்சு. போனை மாத்தறப்போ அப்படியே கொடுத்துட்டேன். கல்யாணத்துக்கு முன்னால நான் எப்படி இருந்தேன்னு காட்ட என்கிட்ட ஒண்ணுமே இல்லக்கா" என்றாள்.

அந்தப் பேச்சுதான் என்னை உலுக்கியது. யோசித்துப் பாருங்கள். அதற்கு முந்தைய காலத்துப் படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. என் அம்மாவின் கல்யாண போட்டோ ஓரம் பழுத்துப் போயும் முகம் தெரிகிறது. இப்போது எடுப்பவை போனிலும், கூகுள் போன்ற கம்பெனிகளின் சேமிப்பிலும் குவிந்து கிடக்கின்றன. நடுவில் ஒரு பத்து வருஷம், சுமார் 2004 முதல் 2014 வரை, பிரிண்ட் போடுவதை விட்டுவிட்டோம். பத்திரமாக வேறிடத்தில் சேர்க்கவும் கற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பத்து வருஷம் சி.டி.யிலும், மெமரி கார்டிலும், செத்துப்போன போனிலும் அடைபட்டுக் கிடக்கிறது.

இளம் தாய்மார்களே, நீங்கள் பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போன வருஷங்கள் அவைதான்! "நீ சின்னப் பிள்ளையில எப்படிம்மா இருப்பே?" என்று உங்கள் குழந்தை கேட்டால் எதைக் காட்டுவீர்கள்?

கேமரா கண் திறந்தது

கேமராவின் அடிமூடியைத் திறந்தேன். உள்ளே பேட்டரி இரண்டும் கசிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தப்பு என்னுடையதுதான். எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும்.

நம் கேமரா, பொம்மை, டார்ச்சில் போடும் ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் வருவது காரம். காரத்துக்குப் புளிப்பு மருந்து! கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு, பழைய பேட்டரியை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு, அந்த உப்பைத் துடைத்தேன். சொட்டச் சொட்ட ஊற்றக் கூடாது. பிறகு லேசாக ஈரப் பஞ்சு, அப்புறம் உலர்ந்த பஞ்சு. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மறுநாள் புது பேட்டரி போட்டதும், 'டிங்' என்று மூக்கை நீட்டிக்கொண்டு கண் திறந்ததே, பார்க்கணும்! என் பெண் குதியாய்க் குதித்தாள்.

உள்ளே இருந்த கார்டு 256 எம்.பி. அதில் நூற்றுச் சொச்சம் படங்கள். ஒரு சின்ன வீடியோவும் இருந்தது. 2008 தீபாவளிக்கு முந்தின நாள். என் அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருக்கிறாள்.

அம்மாவுக்குப் படம் எடுத்தாலே பிடிக்காது. கையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். 2010-ல் காலமானாள். சுவரில் மாலை போட்டிருக்கும் ஸ்டுடியோ படத்தில் கூட ஏதோ கோபமாக இருப்பது மாதிரிதான் இருப்பாள். அந்த வீடியோவில் பதினாறு விநாடி. அப்போதைய கேமராவில் வீடியோ தபால்தலை அளவுதான் இருக்கும்; முகம் கூடச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் குரல் தெளிவாகக் கேட்டது.

"அடுப்பைப் பாருடி முதல்ல. படமாம் படம்! குழந்தை எண்ணெய்கிட்ட வருது பாரு, தூக்கு அவளை!"

அவ்வளவுதான்.

என் பெண் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். "பாட்டி இப்படித்தான் பேசுவாங்களா? நீ பேசற மாதிரியே இருக்கும்மா" என்றாள். பாட்டி போனபோது அவளுக்கு ஐந்து வயது. குரல் அவளுக்கு ஞாபகமே இல்லையாம். பதினைந்து வருஷம் என் தலைக்கு மேலேயே, பரணில், பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது அந்தக் குரல். நான் அதைக் குப்பையில் போடத் தயாராக இருந்தேன்!

எல்லாமே இப்படி நல்லபடியாக முடிந்ததென்று நினைக்காதீர்கள். பதினோரு சி.டி.யில் ஏழுதான் திறந்தன. நாலு திறக்கவே இல்லை. அந்த நாலில் ஒன்று என் பெண்ணின் முதல் பிறந்த நாள். கடைக்காரர் இரண்டு டிரைவ்களில் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வீட்டில் நாம் பதிவு செய்யும் சி.டி.யில், உள்ளே பூசிய ஒரு சாயத்தில்தான் லேசர் எழுதுகிறது. வெயிலும் வெக்கையும் பட்டால் அந்தச் சாயம் கெட்டுப் போகும். ஓட்டுக்கு அடியில் இருக்கும் பரணைவிட வெக்கையான இடம் வீட்டில் உண்டா? ஐந்து வருஷம் முன்னால் எடுத்துப் பார்த்திருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பழசைக் கேட்டால் "வேற வேலை இல்லையா" என்று விரட்டாதீர்கள். அவர்கள் நாகரிகத்துக்காகத் தேடட்டும்; அந்தச் சாக்கில் நாம் நம் பத்து வருஷத்தை மீட்டுக்கொள்ளலாம். இன்னும் கொஞ்ச வருஷம் போனால் கேமரா கிடைக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

நீங்களும் செய்யலாம்

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். பழைய கேமரா, கார்டு, சி.டி., போன், பென் டிரைவ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். பிறந்த வீட்டுப் பரணையும் விடாதீர்கள்.

2. கார்டைக் கேமராவில் போட்டதும் "ஃபார்மேட் செய்யட்டுமா" என்று கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். சரி என்றால் படங்கள் போச்சு. முதலில் கார்டு ரீடரில் போட்டு கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள். கேமராவில் விளையாடுவது அப்புறம்.

3. இன்றைய லேப்டாப்பில் சி.டி. போட இடமே இருக்காது. யு.எஸ்.பி.யில் சொருகும் தனி டிரைவ் கிடைக்கிறது. வாங்க வேண்டியதில்லை, போட்டோ ஸ்டுடியோ, கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சி.டி.யைத் துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

4. மீட்டதை மூன்று நகலாக வையுங்கள். இரண்டு வேறு வேறு சாதனங்களில். ஒன்று வேறு வீட்டில். அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ ஒரு பென் டிரைவ் இருந்தால் போதும். நகை, பத்திரத்துக்கு லாக்கர் வைக்கிறோமே, அது மாதிரி.

5. பழைய போனின் பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தொட்டுச் சார்ஜ் போடாதீர்கள். அமுக்கவோ, ஊசியால் குத்தவோ, குப்பைத் தொட்டியில் எறியவோ கூடாது, தீப்பிடிக்கும். குழந்தைகளுக்கு எட்டாமல் தனியாக வைத்து, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.

6. இது மிக முக்கியம். பழைய சாமானைக் கிளறும்போது பொத்தான் மாதிரி வட்ட பேட்டரிகள் கீழே விழும். தவழும் குழந்தை எடுத்து வாயில் போட்டால் ஆபத்து. தொண்டையிலோ உணவுக் குழாயிலோ சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்துக் காத்திராமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

7. பிள்ளைகள் பழைய கேமரா வாங்கியே தீருவேன் என்றால், சாதாரண பென்சில் பேட்டரியும் எஸ்.டி. கார்டும் போடும் மாடலாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து வேறு சில கார்டுகள் இப்போது தயாரிப்பிலேயே இல்லை. அதே மாதிரி, பழைய போன் வாங்குவதானால், நம் சிம் அதில் எடுக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பழைய 2ஜி அலைவரிசை எல்லாக் கம்பெனியிலும் இல்லை.

அவள் சொன்ன காரணம்

வேலையெல்லாம் முடிந்து ராத்திரி தட்டு கழுவும்போது கேட்டேன். "எல்லாம் சரிடி, போன்ல பளிச்சுனு படம் விழறப்போ, இந்தப் புள்ளி புள்ளிப் படத்துல என்ன இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசாமல் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "போன்ல எடுத்தா, எடுத்த அடுத்த நிமிஷம் எல்லாரும் தலையை நுழைச்சுப் பாப்பாங்கம்மா. இது நல்லா இல்ல, இன்னொண்ணு எடுன்னு இருபது தடவை எடுப்பாங்க. அப்புறம் அவங்கவங்க போனுக்குள்ள போயிடுவாங்க. இதுல எடுத்தா, எடுத்ததோட பையில போட்டுட்டுப் பேசிட்டே இருப்போம். வீட்டுக்கு வந்துதான் பாக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொள்வது அவள் மட்டுமில்லை. நானும்தான், அவளுடைய அப்பாவும்தான். பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நிமிஷம் பேசக் கணக்குப் பார்த்த காலம் அது. வெளியூரில் இருக்கும் பிள்ளையின் முகம் பார்க்க ஏங்கிய காலம். இன்றைக்கு வீடியோவில் பேரனைக் கொஞ்சும் பாட்டியிடம் போய்ப் பழைய போனே நல்லது என்று சொன்னால், அடிக்க வருவாள்! ஆனால் போனுக்குப் போன் வேலை, கேமராவுக்குக் கேமரா வேலை என்று இருந்தபோது, வேலை முடிந்ததும் கீழே வைத்தோம். அந்தக் கீழே வைக்கிற சுகத்தைத்தான் இந்தப் பிள்ளைகள் தேடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று போனும் ஹாலில் ஷெல்ஃபில். நாலு நாள் நடக்கிறது, ஒரு நாள் தவறுகிறது. தவறுவது பெரும்பாலும் இவர்தான்!

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் ஐம்பது படம் எடுக்கிறீர்கள், எனக்குத் தெரியும். மாசத்துக்கு ஒன்றே ஒன்றைப் பொறுக்கி, வருஷத்துக்குப் பன்னிரண்டு பிரிண்ட் போட்டு, பின்னால் தேதியும் பேரும் பென்சிலால் எழுதி ஆல்பத்தில் வையுங்கள். அப்படியே வீட்டுப் பெரியவர்கள் பேசுவதை இரண்டு நிமிஷம் பதிவு செய்யுங்கள். ரசம் வைக்கும் பக்குவம் சொல்லட்டும், உங்களைத் திட்டட்டும், எதுவானாலும் பரவாயில்லை.

மாடியில் குடியிருந்த பெண்ணுக்கும் ஒரு நல்ல சேதி. திறந்த ஏழு சி.டி.க்களில் ஒன்றில், எங்கள் வீட்டு கொலு முன்னால் அவள் நிற்கும் படம் கிடைத்தது. பச்சைத் தாவணி, தலை நிறைய கனகாம்பரம், பக்கத்தில் என் பெண் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு. பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறேன். போனில் பேசினாள். "என் பொண்ணு நம்பவே மாட்டேங்கறாக்கா, இது நீ இல்லேங்கறா" என்று சொல்லிவிட்டு, சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

உங்கள் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கிவிடுங்கள். முக்காலியை மட்டும் யாரையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்! அடுத்த இதழில் சந்திப்போம்.